மேற்கே நாலு, கிழக்கே அஞ்சு

நீச்சல் உயர் பேரவையின் குளத்தில், மேற்குச் சுவரோரமாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். பத்தொன்பது வருடங்களாக அதில் உட்கார்ந்திருப்பவன் நான். பெயர் ஹில்மி, பதவி திருப்ப நடுவர். நீந்தி வருகிறவர்கள் சுவரைத் தொட்டுத் திரும்புகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. தொட்டால் சும்மா இருக்க வேண்டும், தொடாவிட்டால் கையைத் தூக்க வேண்டும். இத்தனை வருடத்தில் நான் மூன்று முறை கையைத் தூக்கியிருக்கிறேன். அதில் ஒன்று டீக்காக.

அலெக்ஸாண்டிரியாவில் எல்லோருக்கும் எங்கள் பேரவையைத் தெரியும். இரண்டு வருடத்துக்கொரு முறை புதுத் தலைவர் வருவார், வந்ததும் குளத்தைத் திறந்து வைப்பார். ஏற்கெனவே திறந்துதானே இருக்கிறது என்று கேட்கிறவன் பேரவையில் வேலை பார்க்க லாயக்கில்லாதவன். திறந்ததற்கு அடையாளமாக மேற்குச் சுவர் முழுவதும், தண்ணீருக்கு மேலும் கீழும், புதுப் பளிங்கு பதிப்பார்கள். நடுவில் தலைவரின் பெயர் தங்க எழுத்தில் இருக்கும். பிரமுகர் மேடை கிழக்கே இருப்பதால், பெயர் மேற்கே இருந்தால்தான் அவர்கள் கண்ணில் நேராகப் படும். பழைய பளிங்கைப் பெயர்க்க முடியாது. பழைய தலைவர் உயிரோடு இருக்கிறார், விழாவுக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே அதன் மேலேயே புதியதைப் பதிப்பார்கள்.

என் காலத்தில் ஒன்பது தலைவர்கள் வந்தார்கள். ஒன்பது முறையும் தண்ணீர் தெரிய வேண்டுமென்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். ஏன் இழுக்க வேண்டியிருக்கிறது என்று யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு வேறு நடுவர் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பேரவையின் சாதனைகளோ குவிந்துகொண்டே போயின. ஒவ்வொரு தலைவர் காலத்திலும் முந்தைய தலைவர் காலத்துச் சாதனைகள் அத்தனையும் முறியும். ஒன்பதாவது தலைவரான டாக்டர் இஸ்மத் பாஷா பதவியேற்ற மூன்றாம் வாரம், வயிற்றுப்போக்கிலிருந்து எழுந்து வந்த ஒரு பையன்கூட சாதனை படைத்தான். டாக்டர் என்றால் கோழி டாக்டர். அதை அவர் மறைத்ததில்லை.

இந்தக் குளத்தில்தான் ஜுமானா வளர்ந்தாள். பஹ்ரி பக்கம் தையல் கடை வைத்திருக்கும், தொழில்காரர் என்ற மரியாதையில் எல்லோரும் ‘உஸ்தா’ என்று கூப்பிடும் மஹ்ரூஸின் ஒரே மகள், வயது இருபது. மல்லாந்த நீச்சலில் இருநூறு மீட்டர் அவளுடையது. என்னைச் சித்தப்பா முறையில் ‘அம்மோ’ என்பாள். ஆறு வயதிலிருந்து தினமும் என் சுவரைத் தொட்டுத் திரும்பியவள். எனக்குப் பெண் இல்லை. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

மல்லாந்து நீந்துகிறவர்களுக்குச் சுவர் தெரியாது, கூரைதான் தெரியும். அதனால் இரு முனையிலும் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் தலைக்கு மேலே கொடித் தோரணம் கட்டியிருப்பார்கள். தோரணத்தைக் கடந்ததும் கை வீச்சை எண்ணி, கணக்கு முடிந்ததும் குப்புறப் புரண்டு சுவரை உதைத்துத் திரும்ப வேண்டும். எங்கள் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் முன்பே இந்தக் கணக்கைப் படித்துவிடுவார்கள். பேரவைக் கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் அது இருக்கிறது: ‘மேற்கே நாலு, கிழக்கே அஞ்சு. காரணம், கடல் காற்று.’

கையேட்டை எழுதியது எஞ்சினியர் லபீப். பேரவையின் தொழில்நுட்பத் தலைமை அவர்தான். தோரணக் கம்பங்கள் தரையில் நட்ட இடத்திலேயே நிற்க, சுவர் மட்டும் அவற்றை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. நானும்தான்.

முதன்முதலாக ஜுமானா வெளிநாட்டில் நீந்தியது துனிஸில். கூடப் போனது பயிற்சியாளர் கேப்டன் வஜ்தி. குளத்தில் எது மேற்கு என்று தெரியாமல் அவர் தவித்திருக்கிறார். கடைசியில் விடுதி அறைக் கூரையில் தொழுகைத் திசை காட்டும் அம்பைப் பார்த்துவைத்துக்கொண்டு, துனிஸிலிருந்து மக்கா கிழக்கே என்பதால் அதற்கு முதுகு காட்டி நின்று, ‘அந்தக் கோடி மேற்கு. அங்க நாலு’ என்று சொல்லிவிட்டார். ஜுமானா முதல் ஐம்பதில் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். தோரணம் கடந்து நாலு எண்ணினாள், புரண்டாள், உதைத்தாள். சுவர் அங்கே இல்லை. வெறும் தண்ணீரை உதைத்து, திசை தெரியாமல் நடுவில் நின்றாள். துனிஸ் நடுவர் கையைத் தூக்கிவிட்டார்.

திரும்பி வந்ததும் விசாரணை நடந்தது. டாக்டர் இஸ்மத் பாஷா தலைமை தாங்கினார்.

“நாலுதானே எண்ணின?”

“நாலுதான், பாஷா.”

“கையேட்டுப்படி?”

“கையேட்டுப்படி.”

“அப்ப தப்பு உன் மேல இல்ல. அவங்க குளம் நீளம்.” எழுத்தரைப் பார்த்தார். “எழுதிக்கோய்யா. துனிஸ்காரங்க குளத்தை ஒரு மீட்டர் கொறைச்சுக்கணும்னு அன்போட கேட்டுக்கறோம்.”

துனிஸிலிருந்து பதில் வரவில்லை. நாகரிகம் தெரிந்தவர்கள்.

அந்த வருடம்தான் உலகப் போட்டிக்கான தகுதி நேரத்தை அறிவித்தார்கள். இரண்டு நிமிடம் பதினான்கு நொடிக்குள் நீந்தியிருக்க வேண்டும், மே மாதக் கடைசிக்குள். ஜுமானாவின் நேரம் எங்கள் குளத்தில் இரண்டு நிமிடம் பத்து நொடி தொண்ணூறு. மூன்று நொடிக்கு மேல் கையில் இருக்கிறது. பேரவையில் இனிப்பு கொடுத்தார்கள். ஆனால் உலகச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: குளத்தின் அளவுச் சான்றிதழை அனுப்புங்கள், இல்லாவிட்டால் இந்த நேரம் செல்லாது.

சான்றிதழ் பேரவையில் இல்லை. குளத்தை யாரும் அளந்ததே இல்லை. ஐம்பது மீட்டர் குளம் என்று வாசலில் பெயர்ப்பலகை இருக்கும்போது எதற்கு அளக்க வேண்டும்?

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், ஜுமானா தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உஸ்தா மஹ்ரூஸின் கழுத்தில் மஞ்சள் அளவு நாடா தொங்கியது. முப்பது வருடமாக மாப்பிள்ளைகளையும் அதிகாரிகளையும் அளந்த நாடா.

“தொழுகைக்குப் போகலயா, உஸ்தா?” என்றேன்.

“அளவு சரியா இருக்கான்னு பாத்துட்டு லுஹர் தொழுதுக்கறேன். அல்லாஹ்வுக்குத் தெரியும்” என்று கரையில் மண்டியிட்டார்.

கிழக்குச் சுவரிலிருந்து ஆரம்பித்தார். நாடாவைப் போட்டு, சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, அடுத்தது போட்டார். ஒன்றரை மீட்டர் நாடா முப்பத்திரண்டு முறை விழுந்தது. மிச்சம் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். மறுபடி அளந்தார். அதேதான் வந்தது.

“நாப்பத்தெட்டு மீட்டர் தொண்ணூத்திரெண்டு” என்று எழுந்து, குளத்தை மேலும் கீழும் பார்த்தார். “இந்தச் சட்டையை ஒரு மீட்டருக்கு மேல பிடிச்சுத் தச்சிருக்காங்க. எவன் தச்சது?”

நான் சுவரைப் பார்த்தேன். ஒன்பது தங்கப் பெயர்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக உள்ளே இருந்தன. ஒரு பெயருக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர். ஜுமானா தண்ணீருக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப நான் இருநூறு நீந்தினதே இல்லயா, அம்மோ?”

பத்தொன்பது வருடம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அன்று எனக்கு வந்த வெட்கம் இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

மறுநாளே அப்பாவும் மகளும் பேரவையில் போய் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். பாவம், சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துவிட்டார்கள். என்னையும் சாட்சியாக நிறுத்தினார்கள்.

எஞ்சினியர் லபீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். “நீளம் குறையல, பாஷா. சுவத்தோட கனம் கூடியிருக்கு. ரெண்டும் வேற வேற பிரிவு. நீளத்துக்கு நான் பொறுப்பு, கனத்துக்கு விழாக் குழு.”

டாக்டர் இஸ்மத் பாஷா ஜுமானாவைக் கனிவோடு பார்த்தார். “நீ சொல்ற அந்த ஒரு மீட்டர் எட்டு சென்டிமீட்டர்ல ஒம்பது தலைவருங்க இருக்காங்கம்மா. யாரை இடிக்கலாம்னு நீயே சொல்லு. எழுதிக்கறேன்.”

“யாரையும் இடிக்க வேணாம், பாஷா. கழட்டி வெளிச்சுவத்துல மாட்டுங்க. கோர்னிஷ் கடற்கரை ரோட்டுல போறவங்க எல்லாரும் பாப்பாங்க.”

“கோர்னிஷ்ல போறவன் எனக்கு ஓட்டுப் போடறதில்ல. கிழக்கு மேடையில உக்காந்திருக்கறவன்தான் போடறான்.”

அறையில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“நான் இருபது வருஷம் கோழிங்களுக்கு வைத்தியம் பாத்தவன். ஒரு கோழிகூட கூண்டை அளந்து பாத்ததில்ல. முட்டை போட்டுச்சா இல்லயா, அதான் கேள்வி. குளம் சின்னதாக ஆக சாதனை பெருசாகுது. நாட்டுக்குப் பேரு. இதுல யாருக்கு நஷ்டம்?”

“எனக்கு, பாஷா” என்றாள் ஜுமானா.

“ஒருத்திக்குத்தானே!” என்று அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “உஸ்தா, நீங்க அனுமதி வாங்கித்தான் அளந்தீங்களா?”

“அனுமதியா? பாஷா, நான் தையக்காரன். உங்க இடுப்பைக்கூட அனுமதி கேக்காமதான் அளந்தேன்.”

அந்தப் பதில் உஸ்தாவுக்குச் சாதகமாக அமையவில்லை. நாடாவை ஆதாரமாகக் கைப்பற்றி, முத்திரை வைத்துக் கிடங்கில் போட்டார்கள். எங்கள் குளம் ‘ஐம்பது பேரவை மீட்டர்’ என்று சான்றிதழ் அச்சடித்து உலகச் சங்கத்துக்கு அனுப்பினார்கள். அப்படியொரு மீட்டர் தங்களுக்குத் தெரியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஜுமானாவின் நேரம் ரத்தாயிற்று.

உஸ்தா மஹ்ரூஸ் புது நாடா வாங்கவில்லை. சாணால் அளந்து தைத்தார். ஒரு மாப்பிள்ளையின் கால்சட்டை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. “புதுசு ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?” என்றேன். “வாங்கினா என் நாடா தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், ஹில்மி” என்றார். மகளின் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

மே மாதக் கடைசி வாரம் காஸாபிளாங்காவில் ஒரு போட்டி இருந்தது. உலகப் போட்டிக்கு அவளுக்கிருந்த கடைசி வழி அது. பேரவை ஒப்புக்கொண்டது. அதற்கு முன் துனிஸ் தோல்வியை ஆராய்ந்து, திசைக் குழப்பமே காரணம் என்று முடிவு செய்து, ‘திசை அதிகாரி’ என்று ஒரு பதவியை உண்டாக்கி என் கையில் திசைகாட்டியைக் கொடுத்தது. மேற்கில் நிற்கும் ஆள் நான் ஒருவன்தானாம். கூடவே ஓர் உத்தரவும் வந்தது: எந்த நாட்டுக் குளமானாலும் கையேட்டுப்படி மேற்கே நாலுதான் எண்ண வேண்டும். மீறினால் இரண்டு வருடத் தடை.

நாலு எண்ணினால் துனிஸ் மாதிரி வெறும் தண்ணீரை உதைக்க வேண்டும், அஞ்சு எண்ணினால் தடை. விமானத்தில் அவள் எதுவும் சாப்பிடவில்லை. டாக்டர் இஸ்மத் பாஷா அவளுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

காஸாபிளாங்கா குளம் கிழக்கு மேற்காக இருந்தது, ஒரு பாகை பிசகாமல். நான் திசைகாட்டியை மூன்று முறை தட்டிப் பார்த்தேன். முள் அசையவில்லை. சாயங்கால வெயில் கண்ணாடிச் சுவர் வழியாக ஒரு கோடியிலிருந்து நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. எதிர்க் கோடியில், எங்கள் தலைவரின் முகத்தில்.

எட்டுப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஜுமானா என் முன்னால் நின்று, விதிப்படி, எல்லோரும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அம்மோ, மேற்கு எந்தப் பக்கம்?”

பத்தொன்பது வருடம் நான் பொய் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னதும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். திசைகாட்டியைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

“இல்லம்மா” என்றேன்.

மேலே இருந்து தலைவர் எட்டிப் பார்த்தார். “என்னய்யா இல்ல?”

“மேற்கு இல்ல, பாஷா. இந்தக் குளம் தெக்கு வடக்கா இருக்கு. இங்க மேற்கே கிடையாது.”

அவர் கண்ணைக் கூச வைத்த சூரியனைக் கையால் மறைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியைத் தேடி மாட்டினார். கையேட்டைப் புரட்டினார். தெற்குக்கும் வடக்குக்கும் அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

“அப்ப அவ இஷ்டத்துக்கு எண்ணிக்கட்டும்” என்றார்.

ஜுமானா என்னைப் பார்த்த பார்வையை யாருக்கும் விளக்கிச் சொல்ல மாட்டேன். அது எனக்கு மட்டும்.

அவள் தண்ணீரில் விழுந்த பிறகு நான் கடவுளிடம் கேட்டதெல்லாம் ஒரே ஒரு கை வீச்சுதான். தோரணத்தைக் கடந்தாள். நாலு வரைக்கும் நானும் எண்ணினேன். நாலில் அவள் தோள் லேசாகத் தயங்கியது. பதினான்கு வருடப் பழக்கம், சும்மா விடுமா? பிறகு ஐந்தாவது கை எழுந்தது. புரண்டாள். கால் சுவரில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. கேப்டன் வஜ்தி தலையில் கை வைத்து அழுதுகொண்டிருந்தார், அவள் ஜெயிக்கிறாளா தோற்கிறாளா என்றே பார்க்காமல்.

இரண்டு நிமிடம் பதின்மூன்று நொடி எண்பத்து நாலு. நாலாவதாகத்தான் வந்தாள். ஆனால் உலகப் போட்டிக்குப் போகிறாள். அளந்து பார்த்த தண்ணீரில் அவள் நீந்திய முதல் இருநூறு அது.

திரும்பி வந்து அறிக்கை எழுதினேன்: ‘மேற்கு காணப்படவில்லை.’ தலைவர் படித்துவிட்டு, “மேற்கே இல்லாம குளம் கட்டறான் பாரு. அவனுங்க எங்கயோ போயிட்டானுங்க” என்று பெருமூச்சு விட்டார்.

இத்தோடு விட்டிருந்தால் பேரவையை நான் மன்னித்திருப்பேன். ஆனால் வெற்றியைக் கண்டால் பேரவைக்குக் கை சும்மா இருக்காது. ஜுமானாவின் சாதனையைக் கௌரவிக்க ஒரு பளிங்கு பதிப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். மேற்கு தலைவர்களுக்கு உரியது என்பதால் இது கிழக்குச் சுவரில், தங்க எழுத்தில் அவள் பெயரோடு, பன்னிரண்டு சென்டிமீட்டர் கனத்தில்.

விழாவுக்கு உஸ்தா மஹ்ரூஸ் தானே தைத்த கோட்டில் வந்திருந்தார். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. சாணளவு. குளத்தின் ஏணிக்குக் குறுக்கே மஞ்சளாக ரிப்பன் ஒன்று கட்டியிருந்தார்கள். ரிப்பன் வாங்கும் கோப்பு இன்னும் கையெழுத்தாகாததால், கிடங்கில் கிடந்த ஒரு மஞ்சள் நாடாவை எடுத்து வந்திருந்தார்கள்.

உஸ்தா அதைப் பார்த்துவிட்டார். “பாஷா, அது என்…” என்று எழுந்தார். கைதட்டல் அதிகமாக இருந்தது. தலைவர் கத்தரியை எடுத்து எழுபத்தைந்தாவது சென்டிமீட்டரில் வெட்டினார். இரண்டு துண்டும் தண்ணீரில் விழுந்தன.

பேசச் சொன்னபோது ஜுமானா ஒலிவாங்கியைக் கையில் வாங்கினாள்.

“என் பேரைக் கழட்டிடுங்க, பாஷா. என் பேரால இந்தக் குளம் இன்னும் சின்னதாக வேணாம். சின்னப் பொண்ணுங்க இங்க கத்துக்கறாங்க.”

டாக்டர் இஸ்மத் பாஷா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா பணிவை! இந்தப் பணிவுக்கு இன்னொரு பளிங்கு பதிக்கணும்!”

அதையும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். எஞ்சினியர் லபீப் உடனே கணக்குப் போட்டு, இன்னும் ஏழு பேர் மட்டும் சாதித்துவிட்டால் கிழக்கேயும் நாலு ஆகிவிடும், பிள்ளைகளுக்கு மனப்பாடம் சுலபம் என்று அறிவித்தார். பலத்த கைதட்டல்.

ஜுமானா கோட்டும், விழாவில் போட்டுவிட்ட பதக்கமுமாக அப்படியே தண்ணீரில் குதித்து, இரண்டு நாடாத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தாள்.

உலகப் போட்டிக்கு ஏழு வாரம் இருந்தது. அலெக்ஸாண்டிரியாவில் அவளுக்கு நீந்த ஒரு நேர்மையான ஐம்பது மீட்டர் வேண்டும். உஸ்தா மஹ்ரூஸ் நாடாவை மிஷினில் ஒட்டுப்போட்டுத் தைத்தார். தையலில் ஒரு சென்டிமீட்டர் போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் அன்ஃபூஷிக் கடற்கரைக்குப் போனோம். அலைதடுப்புக் கல் ஓரமாக அவர் ஐம்பது மீட்டர் அளந்தார், ஒவ்வொரு முறை நாடா போடும்போதும் தையலில் போன அந்த ஒரு சென்டிமீட்டரை விரலால் கூட்டிக்கொண்டே. இரு முனையிலும் கோட்டுத் துணியில் மிஞ்சிய சிவப்பு உள்துணியைக் கட்டினார். முனைகளிலிருந்து ஐந்து மீட்டர் உள்ளே, தோரணத்துக்குப் பதில் மீன்காரர்களிடம் கேட்டு வாங்கிய கயிறு.

நான் பேரவைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். அவள் தினமும் நீந்துவதற்கு முன்னால் சத்தமாகக் கேட்பாள்.

“அம்மோ, மேற்கு எந்தப் பக்கம்?”

“இல்லம்மா!” என்று கத்துவேன். உஸ்தா சிரிப்பார்.

நேற்று பேரவையிலிருந்து கடிதம் வந்தது. அன்ஃபூஷியில் பயன்படுத்தப்படும் கடற்பகுதிக்கு முறைப்படி திறப்பு விழா நடந்திருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். கூடவே உள்ளங்கையளவு மூன்று பளிங்கு மாதிரிகள். அங்கே பதிப்பதற்குச் சுவரே இல்லை என்று அன்றைக்கே பதில் எழுதினேன்.

இன்று காலை மறுபதில் வந்துவிட்டது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமாம். சுவரைப் பேரவையே கட்டித் தருமாம்.